புரொஜெக்டர் அறையில் ஆள் இருக்கிறாரா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, கொழும்பில் ஒரு மோல் தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடங்கி ஐந்து நிமிடத்திலேயே ஏதோ பிழை என்று பட்டது. நடுப்பகல் காட்சியே பொழுதுபட்ட நேரம் போல இருந்தது. இராக் காட்சி வந்தபோது கதாநாயகியின் முகம் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த தம்பதி, "இப்பத்தைய படம் எல்லாம் இப்படித்தான் இருட்டுல எடுக்கிறாங்க" என்று பேசிக்கொண்டார்கள். ஒளிப்பதிவாளர் பாவம், அவர் எடுத்தது அதுவல்ல. அந்த அரங்கில் முந்தைய ஷோ 3டி. அதற்காக லென்ஸுக்கு முன்னால் நிறுத்தும் கண்ணாடியை விலக்காமலே அடுத்த படத்தைப் போட்டிருந்தார்கள். அந்தக் கண்ணாடி வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

வெளியே போய், வாசலில் டிக்கட் பார்க்கும் பையனிடம் சொன்னேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். யாருக்கோ கோல் எடுத்தான். பிறகு என்னிடம், "மேல ஒருத்தரும் இல்ல அண்ணே, எல்லாம் ஒட்டோமெடிக்" என்றான்.

நான் 1994 முதல் 2022 வரை இந்த நகரத்தில் தியேட்டர் ஒப்பரேட்டராக இருந்தவன். அந்த வார்த்தை என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. ஒரு தியேட்டரில் திரைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது, அந்த அறையில் ஆள் இருந்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார், ஆள் போன பிறகு என்ன போயிற்று என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நான் சேர்ந்தபோது எங்கள் தியேட்டரில் கார்பன்தான். இரண்டு கரிக் குச்சிகளை நேருக்கு நேர் வைத்து, முனைகளைத் தொடவைத்து, மெல்ல விலக்கினால் நடுவில் தீப்பொறி வில்லாக நிற்கும். அந்த முனையின் வெப்பம் 3,500 பாகை செல்சியசுக்கும் மேல். அந்த வெளிச்சத்தைப் பின்னாலுள்ள குழிக்கண்ணாடி திரட்டி ஃபில்முக்கு அனுப்பும். குச்சி எரிய எரியக் குறையும், இடைவெளி கூடும், திரையில் வெளிச்சம் மஞ்சளாகும். ஆகவே சில நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். புகை போகக் கூரைக்கு ஒரு குழாய். அறையில் ஏசி கிடையாது. சாரம் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு நிற்போம், கீழே ஐந்நூறு பேர் குளிரில் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்கு வேலை பழக்கியவர் கொம்பனித்தெரு நானா ஒருவர் (மூத்த முஸ்லிம் ஆட்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்). முதல் நாளே அவர் சொன்னது: "நீங்க படம் பாக்க வாணாம் தம்பி. தெரையப் பாருங்க." அதன் அர்த்தம் விளங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. படம் பார்ப்பவன் கதைக்குள் போய்விடுவான். திரை பார்ப்பவனுக்கு நான்கு மூலையும் கூர்மையாக இருக்கிறதா, வலது பக்கம் இடது பக்கத்தைவிட மங்கலா, எழுத்து ஆடுகிறதா, சத்தம் இன்றைய கூட்டத்துக்குப் போதுமா என்பதுதான் கண்ணில் படும். அறைச் சுவரில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். 28 வருடம் அந்த ஜன்னல் வழியாகத்தான் படங்களைப் பார்த்தேன். எந்தப் படத்தின் கதையையும் ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது.

35 எம்எம் ஃபில்ம் ஒரு விநாடிக்கு 24 சட்டம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடும், அதாவது நிமிடத்துக்கு 90 அடி. 2,000 அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடம். இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப் படம் என்றால் ஏழு ரீல், பெட்டியோடு தூக்கினால் 30 கிலோவுக்குக் குறையாது. இரண்டு புரொஜெக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் ரீல் முடியும்போது மற்றதில் அடுத்த ரீல் தொடங்க வேண்டும். அதற்கு அடையாளம் திரையின் வலது மேல் மூலையில் வரும் ஒரு புள்ளி. முதற்புள்ளி முடிவுக்கு 8 விநாடிக்கு முன், அப்போது இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது புள்ளி 1 விநாடிக்கு முன், அப்போது வெளிச்சத்தை மாற்ற வேண்டும். சரியாகச் செய்தால் கீழே யாருக்கும் தெரியாது. பிசகினால் வெள்ளைத் திரை தெரியும், கலரி முழுக்கக் கூ அடிக்கும்.

பிரிண்ட் பல ஊர் சுற்றித்தான் எங்களிடம் வரும். வந்ததும் முழுப் படத்தையும் கையால் சுற்றி, விளிம்பில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்போம். பல் ஓட்டை கிழிந்த இடம், ஒட்டுப் போட்ட இடம் எல்லாம் விரலுக்குத் தெரியும். ஒலி பதிந்த இடம் அதற்குரிய படத்திலிருந்து 20 சட்டம் தள்ளி இருக்கும். அதனால்தான் ஒட்டுப்போட்ட இடத்தில் வசனம் ஒருமாதிரி விக்கும். புள்ளி அழிந்துபோன பிரிண்டுகளில் முந்தைய ஒப்பரேட்டர் ஊசியால் தன் அடையாளத்தைக் கீறியிருப்பார். ஒருவர் சிலுவை போடுவார், ஒருவர் வட்டம் போடுவார். முகம் தெரியாத அந்த ஆட்களை எனக்கு அவர்களின் கீறலால் தெரியும். கொழும்பின் ஈரக் காற்றில் அதிக நாள் கிடந்த பழைய ஃபில்மைத் திறந்தால் வினாகிரி வாசம் அடிக்கும், ஃபில்மின் அடிப்பொருளே கெட்டு அமிலமாகிறது என்று அர்த்தம். அந்த வாசம் வந்த பெட்டியை மற்றப் பெட்டிகளோடு வைக்க நானா விடமாட்டார்.

ஒரே பிரிண்டில் இரண்டு தியேட்டர் ஓடிய காலமும் இருந்தது. இங்கே ஒரு ரீல் முடிந்ததும் அதைச் சுற்றிக் கட்டி த்ரீவீலில் அடுத்த தியேட்டருக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஷோ அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியிருக்கும். காலி வீதியில் நெரிசல் பிடித்தால் அங்கே ஒரு பாட்டைத் திரும்பப் போட்டுக் கூட்டத்தைச் சமாளிப்பார்கள்.

இந்தத் தொழிலில் தமிழ் பேசுகிறவர்கள் இவ்வளவு பேர் இருந்ததற்குக் காரணம் உண்டு. 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கியவர் யாழ்ப்பாணத்துச் சிற்றம்பலம் கார்டினர். ரீகல் தியேட்டர் இன்று நிற்பது அவர் பெயரைக் கொண்ட வீதியில்தான். சினிமாஸ் லிமிட்டெட் நடத்திய கே. குணரத்தினமும் தமிழர். முதல் சிங்களப் பேசும் படத்தை 1947இல் தயாரித்த எஸ்.எம். நாயகமும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். முதலாளிகள் தமிழர் என்பதால் மட்டுமல்ல, இந்தியப் படம் வந்து இறங்கிய இடமும் பார்த்த கூட்டமும் கொட்டாஞ்சேனை, மருதானை, வெள்ளவத்தை என்று இருந்ததாலும் டிக்கட் கவுண்டர் முதல் புரொஜெக்டர் அறை வரை தமிழ் கேட்டது. கூடவே சிங்கள நண்பர்களும் இருந்தார்கள். எங்கள் கன்டீனில் பிளேன்டீக்குச் சொல்லும்போது யார் எந்த மொழியில் சொன்னார்கள் என்று கவனிக்கவே தோன்றாது.

கொம்பனித்தெரு ரியோ தியேட்டர் 1965இல் திறந்தது. 70 எம்எம் படம் காட்டவென்றே கட்டியது. ஃபில்மின் அகலம் இரண்டு மடங்கு, ஓரத்தில் 6 தடக் காந்த ஒலி. நானா தன் இளமையில் அந்த மெஷினைத் தொட்டவர். அதைப் பற்றிக் கேட்டால் கைகளால் காட்டுவார், ரீலின் விட்டம் இவ்வளவு, மெஷினின் உயரம் இவ்வளவு என்று. 1983 ஜூலையில் ரியோவுக்குத் தீ வைத்தார்கள். தமிழருடைய வேறு தியேட்டர்களும் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவும் எரிந்தன. அந்தப் பேச்சு வந்தால் நானா எழுந்துபோய் அடுத்த ரீலைப் பார்ப்பார். எரிந்தது கட்டடம் என்று எழுதுவார்கள். அந்தக் கட்டடங்களில் வேலை பார்த்தவர்களோடு ஒரு தலைமுறையின் கைப்பழக்கமும் போயிற்று, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. 2019 ஜனவரியில் கொழும்பஸ்கோப் கலை விழா ரியோ கட்டடத்தில் நடந்தபோது போய்ப் பார்த்தேன். புரொஜெக்டர் அறை இருந்த திசையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

கார்பன் போய் செனன் விளக்கு வந்தது. அதன் கண்ணாடிக் குமிழுக்குள் வாயு அழுத்தத்தோடு அடைத்திருக்கும். மாற்றும்போது முகத்துக்கு மறைப்பும் தடித்த கையுறையும் போடாமல் தொடக் கூடாது, வெடித்தால் கண்ணாடிச் சில்லு முகத்தில்தான் இறங்கும். அளவைப் பொறுத்து ஆயிரம், இரண்டாயிரம் மணித்தியாலம் உழைக்கும். ஒரே நாளில் அணைந்துபோவதில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். டொலர் இல்லாத காலத்தில் புது விளக்கு வாங்கப் பயந்து, பழையதையே இழுத்துக்கொண்டு போவதில் தினமும் பார்க்கும் ஆட்களுக்கே மங்கல் தெரியாமல் போகும். திரையின் நடுவில் 14 ஃபுட்-லம்பேர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அளவு. 3டி படத்தில் மூக்குக்கண்ணாடி வழியாகக் கண்ணுக்கு வருவது நான்கரை அளவில் நின்றாலே நல்ல அரங்கு என்பார்கள். லென்ஸுக்கு முன்னாலுள்ள அந்த 3டி சாதனத்தோடு சாதாரணப் படம் போட்டால் எவ்வளவு மங்கும் என்பதை இந்த இரண்டு எண்களும் ஓரளவு சொல்லிவிடும்.

பிறகு டிஜிட்டல். ஃபில்ம் பெட்டிக்குப் பதில் ஒரு ஹார்ட் டிஸ்க் வந்தது, சில இடங்களில் செய்மதி வழியாகவே வந்தது. நூறு, இருநூறு ஜிகாபைட் உள்ள ஒரு பொதி. அதைச் சேர்வருக்குள் ஏற்றச் சில மணித்தியாலம் பிடிக்கும். ஏற்றிவிட்டாலும் ஓடாது. பூட்டியிருக்கும். திறக்க கேடிஎம் என்ற ஒரு கோப்பு வேண்டும், எங்கள் பேச்சில் வெறும் "கீ". அந்தக் கீ குறிப்பிட்ட ஒரு சேர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நாள் நேரத்திலிருந்து இன்ன நாள் நேரம் வரை மட்டும் செல்லும். பக்கத்து அரங்குக்கு அதைக் கொண்டுபோக முடியாது. சேர்வருக்குள் இருக்கும் கடிகாரத்தை நாங்கள் திருப்பவும் முடியாது. பெரிய நடிகர் படம் வெளியாகும் நாளில் விடியப்புறம் வாசலில் கட்அவுட், பட்டாசு, பாலபிஷேகம் எல்லாம் நடந்துகொண்டிருக்கும். மேலே நாங்கள் மூன்று பேர் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்போம். தயாரிப்பாளருக்கும் விநியோகஸ்தருக்கும் பணக் கணக்கு முடியாவிட்டால் கீ வராது. கூட்டமோ தியேட்டர்காரன் ஏமாற்றுகிறான் என்று கதவைத் தட்டும்.

என் தொழில் மாறியது இந்த இடத்தில்தான். முன்பு ஃபில்ம் அறுந்தால் ஒட்ட எனக்குத் தெரியும். விளக்கு மங்கினால் கூட்டத் தெரியும். ஷோவைக் காப்பாற்றுவது என் கையில் இருந்தது. இப்போது கீ வராவிட்டால் உலகத்தின் மிகத் திறமையான ஒப்பரேட்டரும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கவனம் தேவைப்படும் இடங்கள் குறைந்துவிடவில்லை, வேறு இடத்துக்குப் போயிற்று. ஒரே பொதிக்குள் ஒரு படத்தின் பல வடிவங்கள் இருக்கும்: சப்டைட்டில் உள்ளது, இல்லாதது, 2டி, 3டி. பெயரெல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி, நடுவில் ஒரு எழுத்து மட்டும் வேறாக இருக்கும். படச் சட்டத்தின் வடிவமும் இரண்டு வகை. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப், உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம். மற்றது 1.85. லென்ஸும் திரையோரக் கறுப்புத் திரைச்சீலையும் அதற்கேற்ப நகர வேண்டும். நகராவிட்டால் படம் சுவரில் விழும், அல்லது நடிகரின் தலை வெட்டுப்படும்.

ஒலியிலும் அப்படித்தான். ஒலிப் பெட்டியில் 7 என்ற எண்தான் படத்தின் ஒலியைக் கலந்தவர் கேட்ட அளவு. சத்தம் கூட என்று ஒருவர் முறையிட்டால் 5க்கு இறக்குவார்கள். அடுத்த ஷோவுக்கு யாரும் ஏற்றுவதில்லை. ஏப்ரல் மாதத்துப் பின்னேர மழை பழைய தியேட்டரின் கூரைத் தகட்டில் கொட்டும்போது நானா எழுந்து சத்தத்தைக் கூட்டுவார், மழை விட்டதும் குறைப்பார். அவரிடம் எந்த மீட்டரும் இருக்கவில்லை. மழை சத்தம் அவருக்கும் கேட்டது, அவ்வளவுதான்.

கரண்ட் கதையைச் சொல்லாமல் கொழும்புத் தியேட்டரைப் பற்றிப் பேச முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. டீசல் இருந்த நாளிலும், கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் உள்ள அந்தச் சில விநாடிகள் போதும். விளக்கு அணைந்தால் அதைக் குளிர்விக்கும் காற்றாடியும் நிற்கும். காற்று இல்லாமல் சூடேறிய குமிழ் கெட்டுப்போகலாம், ஆறவிட வேண்டும். சேர்வரும் திடீரென்று அணைந்தால் திரும்ப எழுந்து தன்னைத்தானே சோதித்து முடிக்க நேரம் எடுக்கும். அதனால்தான் ஒரு நிமிடம் போன கரண்டுக்கு நீங்கள் இருபது நிமிடம் இருட்டில் இருந்தீர்கள். அந்த இருபது நிமிடத்தில் கீழே டோர்ச் அடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்குத்தான் ஏச்சு விழுந்தது. அந்தக் காலம் முடிந்த கையோடுதான் நானும் வேலையை விட்டேன்.

இரண்டு ஷோக்களுக்கு இடையில் கிடைப்பது பெரும்பாலும் இருபது நிமிடம். முந்தைய கூட்டம் வெளியே போக அதில் ஐந்து போய்விடும். மிச்சத்தில் நான்கு பேர் ஒரு முழு அரங்கைக் கூட்டி முடிக்க வேண்டும். பொப்கோன் எண்ணெயோடு கம்பளத்தில் மிதிபட்டால் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், விட்டுவைத்தால் இரவில் எலி வரும், எலி வந்தால் வயரைக் கடிக்கும். சீட்டுக்கடியில் போன், குடை, கைக்குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். எங்கள் தியேட்டரைக் கூட்டிய அக்கா ஒருவர் கிடைத்த எல்லாவற்றையும் திகதி எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பார். ஒருமுறை தாலிக்கொடி ஒன்று கிடைத்தது. மூன்றாம் நாள் அழுதுகொண்டு வந்த அம்மாவிடம் அவர் அதைக் கொடுத்ததை நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். அவருடைய சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

பொப்கோன் ஏன் அந்த விலை என்று எல்லோரும் கேட்பார்கள். டிக்கட் காசில் முதல் வாரங்களில் விநியோகஸ்தர் பங்கு பெரிது, வரியும் உண்டு. கன்டீன் வருமானம் தியேட்டருடையது. ஏசி ஓடுவதும் சம்பளம் போவதும் பெருமளவு அந்தச் சோளத்தில்தான். அதே கணக்குத்தான் புரொஜெக்டர் அறையைக் காலியாக்கியது. ஆறு அரங்குகளுக்கும் ஷோ நேரங்களை ஒரு கணினியில் காலையில் அடுக்கிவிட்டால், விளக்கு தானே எரியும், லைட் தானே குறையும், இன்டர்வெல் தானே வரும். ஆறு ஒப்பரேட்டர் எதற்கு என்று முதலாளி கேட்பது பணக் கணக்கில் சரிதான். தொலைக்காட்சி, வீடியோ, கொரோனா என்று ஒன்றுக்குப்பின் ஒன்றாக அடி வாங்கிய தொழில் இது. நானே முதலாளியாக இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன்.

ஆனால் மெஷினுக்குத் தெரிவது மெஷினைப் பற்றித்தான். விளக்கு எரியவில்லை என்றால் அது அலாரம் அடிக்கும். சூடு கூடினால் செய்தி அனுப்பும். திரையில் விழுந்த படம் மங்கல் என்பது அதற்குத் தெரியாது, ஏனென்றால் அது திரையைப் பார்ப்பதில்லை. லென்ஸுக்கு முன்னால் 3டி கண்ணாடி விலகாமல் நிற்பதும், சப்டைட்டில் இல்லாத வடிவம் ஓடுவதும், போன வாரம் இறக்கிய சத்தம் இன்னும் 5இல் கிடப்பதும் அதன் கணக்கில் குறைகளே அல்ல. எல்லாம் சரி என்று பச்சை விளக்குக் காட்டும். ஆறு பேர் வேண்டாம். ஒருவர் போதும். ஷோ தொடங்கி முதல் ஐந்து நிமிடம் ஒவ்வொரு அரங்கிலும் பின்வரிசையில் நின்று திரையைப் பார்க்க ஒருவரை வைத்தால் நான் சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை போய்விடும். ஒரு டிக்கட்டுக்கு இவ்வளவு காசு வாங்கும் அரங்குகளுக்கு அது முடியாத செலவு அல்ல.

பார்க்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிழையென்று பட்டால் பொறுத்துக்கொண்டு இருக்காமல் முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே போய்ச் சொல்லுங்கள். "படம் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அங்கே நிற்கும் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. மங்கலா, தலை வெட்டுப்படுகிறதா, எழுத்து வரவில்லையா, பேச்சு கேட்காமல் பின்னணி இசை மட்டும் கேட்கிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். பேச்சு வருவது திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில். அதற்காகத்தான் திரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்ன ஓட்டைகள். பேச்சு மட்டும் போனால் அந்த ஒரு ஸ்பீக்கரைப் பார்க்கச் சொன்னால் போதும்.

அன்றிரவு இன்டர்வெல் முடிந்து படம் திரும்பத் தொடங்கியபோது வெளிச்சம் சரியாகியிருந்தது. யாரோ எங்கிருந்தோ வந்து கண்ணாடியை விலக்கியிருக்கிறார். முன்வரிசைத் தம்பதி எதையும் கவனிக்கவில்லை. படம் விட்டதும் டிக்கட் பையன் என்னைத் தேடி வந்தான். எப்படித் தெரிந்தது என்று கேட்டான். அரங்கு காலியாகும்வரை காத்திருந்து, அவனைப் பின்வரிசைக்குக் கூட்டிப்போய், பெயர்ப் பட்டியல் ஓடும்போது வெள்ளை எழுத்து எப்படி இருக்க வேண்டும், சாம்பல் நிறமாகத் தெரிந்தால் என்ன அர்த்தம், மூலைகளை எந்த வரிசையில் பார்ப்பது என்று காட்டினேன். கூட்டுகிற அக்காமார் விளக்குமாற்றோடு எங்களைச் சுற்றிப் போனார்கள். அவனுக்கு வயது பத்தொன்பது இருக்கும், நான் சேர்ந்த வயது. போகும்போது, "நாளைக்கு 10.30 ஷோவுக்கு உள்ளுக்குப் போய் ஒருக்கா நின்டு பாக்கிறன் அண்ணே" என்றான்.